கீல் பக்கம் கீழே, பூட்டுப் பக்கம் மேலே

எனக்குக் கீழே வேலை பார்க்கிற ஒரே ஆளை என்னால் திட்ட முடியாது. இந்தக் கொடுமையை யாரிடம் போய்ச் சொல்வது? கடை என்னுடையது, வேன் என்னுடையது, போன் வந்தால் ஏச்சு வாங்குவதும் நான்தான். ஆனால் ஒன்பது மணிக்கு வரவேண்டிய ஆள் ஒன்பதரைக்கு வந்து இறங்கினால், "வாங்க மாப்பிள்ளை, டீ சாப்பிட்டீங்களா?" என்றுதான் கேட்க வேண்டும். ஏனென்றால் அவர் என் தங்கையின் வீட்டுக்காரர்.

எங்கள் தொழில் இரட்டைக் கண்ணாடிக் கதவும் ஜன்னலும். வெள்ளை பிளாஸ்டிக் சட்டத்துக்குள் இரண்டு கண்ணாடிகளை நடுவே இடைவெளி விட்டு அடைத்து மாட்டுவோம். தெருவில் லாரி போனாலும் உள்ளே படுத்திருப்பவருக்குத் தூக்கம் கெடாது. மாட்டுவது ஒரு நாள் வேலை. அதற்கப்புறம் ஆயுசு முழுக்க ஹேண்டில் வேலை. "சார், ஹேண்டில் தொளதொளன்னு ஆடுது." "சார், சாவி உள்ளயே சிக்கிக்கிச்சு." "சார், கதவு சாத்துது, ஆனா பூட்ட மாட்டேங்குது." இந்தக் கதவைச் சாத்தியதும் ஹேண்டிலை மேலே தூக்க வேண்டும். தூக்கினால் கதவின் ஓரத்திலிருந்து மூன்று கொக்கிகள் வெளியே வந்து, நிலையில் இருக்கும் பள்ளங்களில் போய் மாட்டிக்கொள்ளும். அப்புறம்தான் சாவியைத் திருப்ப வேண்டும். இதை ஒவ்வொரு வீட்டிலும் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்லியிருக்கிறேன். ஒருத்தராவது காதில் வாங்கவேண்டுமே! கதவோடு மல்லுக்கட்டி, உள்ளே கொக்கிகளை நகர்த்தும் கியர்பாக்ஸை உடைத்துவிட்டு, "மட்டமான சரக்கைக் கட்டிட்டீங்க" என்று என்னிடமே சண்டைக்கு வருவார்கள். இருபது வருடமாக இதையே கேட்டால் மனுஷனுக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

கோபம் எனக்கு வரும். மாப்பிள்ளைக்கு வராது. அதுதான் எனக்கு இன்னும் கோபம்.

அவர் முன்பு ஒரு துணி கம்பெனியில் தையல் மிஷின் மெக்கானிக்காக இருந்தார். பதினைந்து வருடம். கம்பெனியை மூடிவிட்டார்கள். மூன்று மாதம் வீட்டில் சும்மா இருந்தவர், வீட்டில் இருந்த எல்லா மின்விசிறிகளையும் கழற்றி மாட்டி முடித்துவிட்டு, பக்கத்து வீட்டு மின்விசிறிகளை ஆரம்பித்தபோது என் தங்கை போன் செய்தாள்.

"அண்ணா, அவருக்கு உங்க கடையில ஒரு வேலை குடுங்களேன். ஆனா நான் கேட்டேன்னு சொல்லாதீங்க. அவரும் வாயைத் திறந்து கேக்க மாட்டார். நீங்களா கூப்பிடற மாதிரி கூப்பிடுங்க."

சரி என்று நானே வீடு தேடிப் போய், "மாப்பிள்ளை, ஒண்டியா சமாளிக்க முடியல, நீங்க வந்தா பெரிய ஒத்தாசையா இருக்கும்" என்று கெஞ்சினேன். வேலை கொடுக்கிறவன் கெஞ்சினேன்! அவர், "யோசிச்சுச் சொல்றேன் மச்சான்" என்றார். மூன்று நாள் யோசித்தார்.

வந்த ஒரே மாதத்தில், நாங்கள் திருகாணி வாங்கும் ஹார்டுவேர் கடைக்காரர் அவருக்கு 'நிதானம்' என்று பேர் வைத்துவிட்டார். "என்ன சார், இன்னிக்கு நிதானம் வரலையா?" என்று கேட்பார். பொருத்தமான பேர்தான். கெட்டுப்போன ஒரு ஹேண்டிலைப் பார்க்கப் போனால் நான் முதலில் ஸ்குரூ டிரைவரை எடுப்பேன். இவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். "அம்மா, நீங்க எப்பவும் எப்படித் திறப்பீங்களோ அப்படியே ஒரு தடவை திறங்க" என்பார். அந்த அம்மா திறப்பார். "இப்ப சார் திறங்க." சாரும் திறப்பார். வீட்டில் நாலு பேர் இருந்தால் நாலு பேரும் அவர் முன்னால் பரீட்சை எழுத வேண்டும். ஒரு வீட்டில் அவசரமாக ஆபீஸுக்குக் கிளம்பிய மனிதரை மாடிப்படியிலிருந்து திரும்ப அழைத்து, கதவைத் திறக்கச் சொன்னார். அந்த மனிதர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நான் மறக்க மாட்டேன்.

புதுக் கதவுக்கு அளவெடுத்து வரச் சொல்லி ஒரு வீட்டுக்கு அனுப்பினேன். இரண்டு மணி நேரம் கழித்து வெறுங்கையோடு வந்தார்.

"கீல்ல இருக்கிற திருகாணியை ரெண்டு சுத்து திருப்பி விட்டேன் மச்சான். கதவு நல்லா ஆயிடுச்சு. புதுசு தேவையில்லன்னு சொல்லிட்டேன்."

பல்லைக் கடித்துக்கொண்டு, "ரொம்ப சந்தோஷம் மாப்பிள்ளை" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். சாயங்காலம் தங்கை போன் செய்தாள். "அண்ணா, அவரை ஏதாவது சொன்னீங்களா? வந்ததுலேர்ந்து ஒரு மாதிரியா உட்கார்ந்திருக்கார்." என் மனைவியிடம் சொல்லிப் புலம்பினால், "உங்க தங்கச்சி வீட்டுக்காரர்தானே, நீங்களே பேசிக்குங்க" என்று அவள் பாட்டுக்குத் துணி மடிக்கப் போய்விடுவாள்.

அவரிடம் இன்னொரு குணம் உண்டு. யாருடைய முகத்துக்கு நேராகவும் 'இது தப்பு' என்று சொல்ல மாட்டார். நாக்கு புரளாது. ஒரு வீட்டில் அந்த வீட்டுக்காரரே கடையில் ஹேண்டில் வாங்கித் தலைகீழாக மாட்டி வைத்திருந்தார். சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். மாப்பிள்ளை அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதுவும் ஒரு விதத்துல நல்லாத்தான் இருக்கு சார். ஆனா எதுக்கும் ஒரு தடவை திருப்பி மாட்டிப் பார்ப்போமா?" என்றார். எனக்கு எங்கேயாவது போய் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

இப்படிப்பட்ட மனிதரோடு மூன்று வருடம் ஓட்டினேன். 'யோவ்' என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை வரைக்கும்.

வேலைக்குப் போகிற பெண்கள் தங்கும் ஒரு விடுதி. நாலு மாடி, மாடிக்கு எட்டு அறை, நடுவில் நடை. நடைக்கு ஒரு பக்கம் ஒற்றைப்படை எண் அறைகள், மறு பக்கம் இரட்டைப்படை. ஒவ்வொரு அறைக்கும் ஒரு பால்கனி. அந்த முப்பத்திரண்டு பால்கனிக் கதவுகளையும் எட்டு வருடத்துக்கு முன்னால் மாட்டியது நான். நான் என்றால் என் கையால். அப்போது ஆள் வைத்துக்கொள்ளும் வசதி இல்லை. ஒவ்வொரு கதவுக்கும் நானே கண்ணாடி அடைத்து, நானே மாடியேற்றி, நானே மாட்டினேன். என் விசிட்டிங் கார்டின் பின்பக்கம் அந்தக் கட்டடத்தின் போட்டோதான் இருக்கிறது. பார்க்கிறவர்களுக்கெல்லாம் கார்டைத் திருப்பிக் காட்டி, "முப்பத்திரண்டும் என் கையால மாட்டினது" என்று சொல்வேன். கேட்காதவர்களிடமும் சொல்வேன்.

ஐந்தாறு வருடம் ஒரு குறை இல்லை. அப்புறம் ஹேண்டில்கள் போக ஆரம்பித்தன. இன்றைக்கு ஒன்று, அடுத்த மாதம் ஒன்று. மாப்பிள்ளை போய்ப் பார்ப்பார். மற்ற இடத்தில் ஒரு மணி நேரம் எடுப்பவர், அங்கே மட்டும் மூன்று மணி நேரம் எடுப்பார். கேட்டால், "கொஞ்சம் வேலை இருந்தது மச்சான்" என்பார். என்ன வேலை? ஒரு ஹேண்டிலுக்கு நாலு திருகாணி. அதில் என்ன மூன்று மணி நேர வேலை?

போன வருடம் விடுதி முதலாளி என்னைக் கூப்பிட்டு, "ஏன் சார் இப்படி உடையுது? கதவுல கோளாறா, ஆளுங்ககிட்ட கோளாறா? எழுதிக் குடுங்க" என்றார். நான் கடையில் உட்கார்ந்தபடியே லெட்டர்ஹெட்டில் எழுதி, சீல் குத்திக் கொடுத்தேன். 'கதவுகளில் எந்தக் குறைபாடும் இல்லை. பயன்படுத்துவோரின் கவனக்குறைவே காரணம்.' எழுதும்போது எனக்குச் சந்தேகமே இல்லை. இருபது வருட அனுபவம் அப்படித்தானே சொல்கிறது!

அந்த ஒரு தாளைப் பிடித்துக்கொண்டு முதலாளி வார்டன் அம்மாவைப் பிடித்துக்கொண்டார். "பொண்ணுங்களைக் கவனிக்கிறதுதானே உங்க வேலை? நீங்க கவனிச்சா ஏன் உடையுது?" போன வாரம் பதினோராவது ஹேண்டில் போனதும் கடைசியாகச் சொல்லிவிட்டாராம். "இன்னும் ஒண்ணு உடைஞ்சா, நீங்க ரூமைக் காலி பண்ணிக்குங்க." வார்டன் அம்மாவுக்கு வேலை போனால் வேலை மட்டும் போகாது. கீழே மாடிப்படிக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த ஒற்றை அறைதான் அவருக்கு ஒன்பது வருடமாக வீடு. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. ஒரு அண்ணன் இருக்கிறார். அந்த வீட்டு அண்ணியோடு ஒரு வாரம் இருப்பதற்கு நடைபாதையில் படுத்துவிடலாம் என்று அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார்.

செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணி. நான் கடை ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தேன். போன் வந்தது. வார்டன் அம்மா. யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்று ரகசியக் குரலில் பேசினார்.

"சார், இருபத்திமூணாம் நம்பர். நர்ஸ் பொண்ணு துணி காயப்போடப் போயி பால்கனியில மாட்டிக்கிச்சு. கதவைத் திறக்கவே முடியல. பதினோரு மணிக்கு முதலாளி ரவுண்ட்ஸ் வர்றார். அவர் கண்ணுல பட்டுச்சுன்னா இன்னிக்கே நான் பெட்டியைக் கட்டணும். உங்க கால்ல விழறேன், அதுக்குள்ள வந்து சரிபண்ணிக் குடுத்துடுங்க."

"கவலையே படாதீங்கம்மா, பத்து நிமிஷத்துல வர்றேன்" என்று சொல்லிவிட்டு மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன். அன்றைக்கு ஒன்பதுக்கே வந்துவிட்டார், அதை நான் மறுக்கவில்லை. வந்தவர் வேனில் ஏற வேண்டியதுதானே? கருவிப் பெட்டியைத் திறந்தார். ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து, அதனதன் இடத்தில் வைத்தார்.

"மாப்பிள்ளை, கொஞ்சம் அவசரம்."

"ஆமா மச்சான். ஒரே நிமிஷம்."

அந்த ஒரு நிமிஷம் பத்து நிமிஷம் ஆயிற்று. நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மனதுக்குள் என்னென்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது.

மூன்றாவது மாடி. அறைக்குள் அந்தப் பெண்ணின் அறைத்தோழி கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கவிழ்த்துப் போட்ட பக்கெட்டின் மேல் நைட்டியோடு நர்ஸ் உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்து கத்தினாள். வாய் அசைந்தது, கையும் ஆடியது, ஒரு சத்தமும் உள்ளே வரவில்லை. என் சரக்கின் தரத்துக்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். ஆனால் அதை ரசிக்கிற நேரமா அது?

மாப்பிள்ளை கையைக் கட்டிக்கொண்டார். அறைத்தோழியிடம், "ஏம்மா, இந்தக் கதவை நீங்க எப்பவும் எப்படிச் சாத்துவீங்க? ஒரு தடவை சாத்திக் காட்டுங்க" என்றார்.

"சாத்தித்தான் இருக்கு மாப்பிள்ளை! அதுதானே பிரச்சினையே!" என்றேன்.

"அட ஆமா" என்றார். சிரிக்கக்கூட இல்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், வேலை என்று இறங்கினால் அவர் கை கைதான். ஹேண்டிலைக் கழற்றினார். தட்டையான ரப்பர் பை ஒன்றைக் கதவின் அடியில், பூட்டுப் பக்கமாகச் செருகிக் காற்றடித்தார். பை உப்ப உப்பக் கதவு ஒரு அரிசி கனத்துக்கு மேலே எழும்பியது. ஹேண்டில் இருந்த துளையில் ஸ்குரூ டிரைவரை விட்டு லேசாகத் திருப்பினார். 'டக்'கென்று கொக்கிகள் உள்ளே போயின. கதவு திறந்தது.

நர்ஸ் பாய்ந்து வந்தாள். "ரெண்டு மணி நேரமா கத்தறேன்! இந்தக் கட்டடத்துல ஒருத்தருக்குக்கூடக் காது கேக்காதா?"

"அது கதவு நல்ல கதவு, அதனால..." என்று ஆரம்பித்தேன். அவள் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டேன். அறைத்தோழி அவளைக் கூட்டிக்கொண்டு கீழே போனாள்.

மணி ஒன்பது ஐம்பது. எனக்கு நிம்மதியாக இருந்தது. புதுக் கியர்பாக்ஸ், புது ஹேண்டில், அரை மணி நேரம். துடைத்துவிட்டு இறங்கினால் முதலாளிக்கு ஒரு விஷயமும் தெரியப்போவதில்லை. வார்டன் அம்மாவின் அறை தப்பித்தது. கதவருகே நின்று எட்டிப் பார்த்த அவரிடம், "நீங்க கீழ போய் நிம்மதியா இருங்கம்மா, முடிஞ்சது" என்று சொல்லி அனுப்பினேன். கியர்பாக்ஸ் எடுக்க வேனுக்குப் போய்த் திரும்பி வந்தேன்.

வந்து பார்த்தால், இவர் கண்ணாடியைச் சுற்றிப் பிடித்திருக்கும் பீடிங் பட்டையை நாலு பக்கமும் உரித்து எடுத்துவிட்டுக் கண்ணாடியை வெளியே இழுத்துக்கொண்டிருக்கிறார். ஓர் ஆள் உயரக் கண்ணாடி. கட்டிலின் மேல் சாய்த்தும் வைத்துவிட்டார்.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது.

"யோவ்! உனக்கு என்னய்யா பைத்தியமா? ஹேண்டிலை மாத்துன்னா கண்ணாடியைக் கழட்டி வச்சிருக்க! அந்த அம்மா வீட்டை இழந்துட்டு நிக்கப் போறாங்க, உனக்கு விளையாட்டா இருக்கா?"

சொல்லி முடித்த பிறகுதான் என் காதிலேயே விழுந்தது. யோவ். தங்கை வீட்டுக்காரரை.

அவர் கோபப்படவில்லை. மெதுவாகக் கண்ணாடியிலிருந்து கையை எடுத்தார். "இங்க வந்து பாருங்க மச்சான்" என்றார். குரல் வேறு மாதிரி இருந்தது.

பார்த்தேன். கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் நடுவே சின்னச் சின்ன பிளாஸ்டிக் துண்டுகளைச் செருகுவது எங்கள் தொழிலில் பால பாடம். கதவுக்கு அந்தத் துண்டுகள்தான் முட்டுக்கொடுக்கின்றன. கீல் பக்கம் கீழே, பூட்டுப் பக்கம் மேலே. அப்படிச் செருகினால் கண்ணாடியின் பாரம் கீலில் போய் இறங்கும், கதவு நிமிர்ந்து நிற்கும். மாற்றிச் செருகினால் பாரம் முழுக்கப் பூட்டுப் பக்கம் விழும். கதவு கொஞ்சம் கொஞ்சமாகத் தொங்கும். கொக்கி ஓரிடம், பள்ளம் ஓரிடம் ஆகிவிடும். அப்புறம் ஹேண்டிலைத் தூக்குகிறவர் எவ்வளவு மெதுவாகத் தூக்கினாலும் உள்ளே கியர்பாக்ஸ் தேயத்தான் செய்யும். ஒரு நாள் உடையத்தான் செய்யும்.

அந்தக் கதவில் துண்டுகள் மாறியிருந்தன.

"இதுவரைக்கும் உடைஞ்ச ரூம் நம்பரெல்லாம் சொல்லட்டுமா மச்சான்?" என்றார் மாப்பிள்ளை. "மூணு, ஏழு, ஒன்பது, பதினொண்ணு, பதினேழு, பத்தொன்பது, இருபத்தேழு. எல்லாம் ஒத்தைப்படை. சிலது ரெண்டு தடவை, பத்தொன்பது மட்டும் மூணு தடவை. அந்தப் பக்கம் இரட்டைப்படை ரூம்ல ஒண்ணுகூடப் போகல. ஒத்தைப்படை ரூம்ல இருக்கிற பொண்ணுங்க மட்டும்தான் முரட்டுப் பொண்ணுங்களா?"

எனக்கு அந்த இடத்திலேயே எல்லாம் விளங்கிவிட்டது. நடையின் ஒரு பக்க அறைகளுக்குக் கீல் வலது பக்கம், மறு பக்க அறைகளுக்கு இடது பக்கம். நான் முப்பத்திரண்டு கதவையும் கடை மேஜையில் படுக்கப் போட்டு, ஒரே மூச்சில், ஒரே மாதிரி துண்டு செருகிக்கொண்டே போயிருக்கிறேன். பாதிக் கதவுகளுக்குச் சரி. பாதிக் கதவுகளுக்குத் தலைகீழ். முதல் வருடம் வேலைக்கு வருகிற ஆள்கூட இந்தத் தப்பைச் செய்ய மாட்டான்.

"இது எத்தனை நாளா உங்களுக்குத் தெரியும்?"

"ஒரு வருஷம் இருக்கும். பத்தொன்பதாம் நம்பர்ல மூணாவது தடவையா போச்சே, அப்பதான் சந்தேகம் வந்து கண்ணாடியைக் கழட்டிப் பார்த்தேன். அதுக்கப்புறம் எந்தக் கதவுக்குக் கூப்பிட்டாலும் கழட்டி, துண்டை மாத்திச் செருகிட்டுத்தான் வருவேன். அதுக்குத்தான் மூணு மணி நேரம். நான் மாத்தின கதவு ஒண்ணும் திரும்பப் போகல. ஆனா கூப்பிடாத ரூமுக்கு நான் எப்படிப் போறது?"

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"ஒவ்வொரு தடவையும் இன்னிக்குச் சொல்லிடணும்னுதான் வேன்ல ஏறுவேன். நீங்க அந்தக் கார்டைத் திருப்பி யாருக்காவது காட்டிக்கிட்டு இருப்பீங்க. மச்சானாச்சே, எப்படிச் சொல்றதுன்னு விட்டுடுவேன். இன்னிக்கு நீங்க யோவ்னு சொல்லிட்டீங்க. எனக்கும் சொல்லத் தைரியம் வந்துடுச்சு."

மாப்பிள்ளை என்று நான் இவரைத் துருவிக் கேட்கவில்லை. மச்சான் என்று இவர் என்னிடம் சொல்லவில்லை. எங்கள் இரண்டு பேருடைய மரியாதைக்கும் நடுவில் ஒரு அம்மாளின் அறை போகப் பார்க்கிறது. இவ்வளவும் புரிந்த பிறகும் நான் என்ன சொன்னேன் தெரியுமா? சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

"சரி மாப்பிள்ளை. இதைச் சீக்கிரம் மூடுங்க. மத்ததை அப்புறம் ஏதாவது சாக்கு சொல்லி ஒவ்வொண்ணா பண்ணிடலாம். வெளிய தெரிய வேணாம்."

அவர் பதில் சொல்வதற்குள் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. முதலாளி. பதினோரு மணிக்கு வர வேண்டியவர் பத்தே காலுக்கு வந்து நிற்கிறார். பின்னால் வார்டன் அம்மா, முகத்தில் ரத்தமே இல்லை.

முதலாளி கழற்றிப் போட்ட ஹேண்டிலைப் பார்த்தார், கட்டிலில் சாய்ந்திருந்த கண்ணாடியைப் பார்த்தார். சத்தம் போடவில்லை. "பன்னிரண்டாவது" என்றார். "நான் என்ன சொல்லியிருந்தேன்மா?"

"சரிங்க சார்" என்றார் வார்டன் அம்மா. இடுப்பில் செருகியிருந்த சாவிக் கொத்தை எடுக்கப் போனார்.

"அவங்க மேல தப்பில்ல சார்."

சொன்னது மாப்பிள்ளை. யாருக்கும் நேராகத் தப்பு என்று சொல்லாத மனுஷன். "கண்ணாடி அடைச்சதுல தப்பு. அதனாலதான் கதவு தொங்குது. பொண்ணுங்களும் ஒண்ணும் பண்ணல, வார்டன் அம்மாவும் ஒண்ணும் பண்ணல."

"யார் அடைச்சது?"

மாப்பிள்ளை என்னைப் பார்க்கவே இல்லை. "எங்க கடைதான் சார்."

"கடைன்னா? நீங்களா?"

"ஆமா சார்."

முதலாளி என் பக்கம் திரும்பினார். "இந்த ஆளை இனிமே என் பில்டிங்குக்குள்ள அனுப்பாதீங்க. வேலை தெரிஞ்ச ஆளா அனுப்புங்க."

அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். கொஞ்ச நேரம் இருக்கவும் செய்தேன். பொய் சொல்லவில்லை, ஆனால் சும்மா இருந்தேன். அந்தச் சில நொடிகளை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது. வார்டன் அம்மாவின் கை இன்னும் சாவிக் கொத்தில்தான் இருந்தது.

"சார்" என்றேன். "அவர் என்கிட்ட வேலைக்குச் சேர்ந்தே மூணு வருஷம்தான் ஆச்சு. கதவு மாட்டி எட்டு வருஷம் ஆச்சு. அடைச்சது நான்தான். எல்லாம் நான்தான்."

"அப்ப இந்த லெட்டர்? கவனக்குறைவுன்னு எழுதி சீல் போட்டுக் குடுத்தீங்களே?"

"அதையும் நான்தான் எழுதினேன்."

"வந்து பார்த்துட்டு எழுதினீங்களா?"

"இல்ல சார். பார்க்காமத்தான் எழுதினேன்."

அதற்கப்புறம் அவர் கேட்டதெல்லாம் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிதான் இருந்தது. கேட்கட்டும். எனக்கு வேண்டியதுதான். கடைசியில், "இந்த வாரத்துக்குள்ள ஒத்தைப்படை ரூம் அத்தனையும் சரியா இருக்கணும். கார்டுல என் பில்டிங் போட்டோவை எடுத்துடுங்க" என்றார். வார்டன் அம்மாவிடம், "நீங்க இருங்கம்மா" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

வார்டன் அம்மா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"எனக்கு ஒண்ணும் சொல்ல வேணாம் சார். எனக்கு ரூம் இருக்கு. பத்தொன்பதாம் நம்பர்ல ஒரு பொண்ணு இருந்தா. புதுசா வேலைக்குச் சேர்ந்த பொண்ணு. மூணு தடவை ஹேண்டில் போச்சுன்னு நான்தான் அவளைக் காலி பண்ணச் சொன்னேன். 'நான் உடைக்கல ஆன்ட்டி, மெதுவாத்தான் தூக்கினேன்'னு அழுதா. உங்க லெட்டரைக் காட்டித்தான் அவ வாயை அடைச்சேன். இப்ப அவகிட்ட யார் சொல்றது?"

போனை எடுத்து அவரே எண்ணைத் தேடி அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டார். அந்தப் பெண் எடுத்தாள். வார்டன் அம்மா நடந்ததைச் சொன்னார். நானும் என் வாயால் சொன்னேன், தப்பு என்னுடையது என்று. அந்தப் பக்கத்திலிருந்து, "நான் அப்பவே சொன்னேனே ஆன்ட்டி" என்று மட்டும் வந்தது.

மாப்பிள்ளை குறுக்கே வந்து போனை வாங்கிக்கொண்டார்.

"நான் அந்த ரிப்பேர்காரன் பேசறேன்மா. எனக்கு அன்னிக்கே தெரியும். நீங்க பெட்டியைக் கட்டிக்கிட்டு இருந்தப்ப நான் உங்க கதவுக் கண்ணாடியைக் கழட்டிப் பார்த்துக்கிட்டு இருந்தேன். உங்க மேல தப்பில்லன்னு அப்பவே தெரியும்."



"அப்ப ஏன் அண்ணா சொல்லல?"

மாப்பிள்ளை என்னை ஒரு தடவை பார்த்தார்.

"மரியாதைக்கும்மா" என்றார். "மச்சான் மனசு கஷ்டப்படுமேன்னு."

"அன்னிக்கு எங்க போறதுன்னு தெரியாம சாயங்காலம் வரைக்கும் பஸ் ஸ்டாண்டுல பெட்டியோட உட்கார்ந்திருந்தேன் அண்ணா" என்றாள் அந்தப் பெண். கோபமாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிற மாதிரிதான் சொன்னாள். "சரி, வேலையில இருக்கேன், வச்சுடறேன்."

மாப்பிள்ளை போனை வார்டன் அம்மாவிடம் கொடுத்தார். மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.